இந்த கார்டு அல்லது அதற்கு இணையானது

அரசாங்க ஆபீஸில் இருபத்து மூன்று வருஷம் பர்சேஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தவனைக் கத்தரிக்காய் வாங்கக்கூட அனுப்பக் கூடாது. என் மனைவி கல்பனாவுக்கு இந்த உண்மை கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. மகள் நித்யாவுக்குத் தெரிய பதினெட்டு வருஷம் ஆனது.

அப்போது டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நித்யாவுக்குத் திருச்சியில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. அவளுடைய மூன்று தோழிகளுக்கும் ஆளுக்கொரு ஊரில் காலேஜ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிரிந்து போனாலும் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒரே கம்ப்யூட்டர் கேமுக்குள் சந்தித்துக்கொள்வது என்று நாலு பேரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். (எங்கள் காலத்தில் நட்பை இன்லேண்ட் லெட்டர் காப்பாற்றியது. இவர்களுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது.)

லேப்டாப் வாங்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நித்யா ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தாள்.

"அப்பா, காலேஜ் வேலைக்கு எந்த லேப்டாப்பும் போதும். ஆனா உள்ள இந்த கிராஃபிக்ஸ் கார்டு இருக்கணும். ரொம்ப சாதா கார்டுதான். இதுக்குக் கீழ போனா எங்க கேம் ஓடாது."

சீட்டில் ஒரு கம்பெனியின் பெயரும் நாலு இலக்க எண்ணும் இருந்தன. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அந்தச் சீட்டைக் கடையில் நீட்டி, பையை வாங்கிக்கொண்டு வந்திருப்பார். நானோ அதைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தேன். ஒரே ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு சாமான் கேட்பது எங்கள் செக்‌ஷனில் பெரும் பாவம். யாருக்கோ சலுகை காட்டுகிறாய் என்று ஆடிட்டில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பெயரையும் எண்ணையும் அடித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் அழகாக எழுதினேன்: "கிராஃபிக்ஸ், குறைந்தபட்சம் 4 ஜிபி, அல்லது அதற்கு இணையானது."

அந்தத் தாளோடு நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் மூன்று கடை ஏறி, மூன்று கொட்டேஷன் வாங்கி, பதினோரு கட்டம் போட்டு ஓர் ஒப்பீட்டு அறிக்கையும் தயார் செய்தேன். மூன்றாவது கடைக்காரர் நல்ல மனிதர். தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்:

"அங்கிள்ஜி, கேமிங் கே லியே சாஹியே க்யா?"

விளையாடத்தான் என்று சொல்ல எனக்கு வெட்கம். "நஹீ நஹீ, பேட்டி படாயீ கே லியே ஜா ரஹீ ஹை" என்றேன், படிக்கத்தான் போகிறாள் என்று.

"அச்சா, படாயீ" என்று நிம்மதியாக ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கிராஃபிக்ஸ் எட்டு ஜிபி வரை என்று இருந்தது. கேட்டது நாலு, வந்தது எட்டு. என் சர்வீஸில் எந்த சப்ளையரும் அப்படிக் கொடுத்ததில்லை. மெட்ரோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தேன்.

அன்று சாயங்காலமே வெள்ளோட்டம். மூன்று தோழிகளும் ஸ்பீக்கரில். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன். கேம் திறந்தது. நித்யாவின் வீராங்கனை ஓடுவதற்காக ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"நித்யா, கஹாங் ஹை தூ?" என்றது ஒரு குரல், எங்கேடி இருக்கிறாய் என்று.

"ஆ ரஹீ ஹூங்", வந்துகொண்டே இருக்கிறேன் என்றாள் நித்யா. கால் இறங்கவில்லை. கல்பனா கொண்டுவந்த காபியை நான் குடித்து முடித்தபோது மறு கால் கிளம்பியது.

"அப்பா, இதுல தனி கார்டே இல்ல."

"பதினோரு கட்டம் போட்டுப் பார்த்தேன்மா. நாலு கேட்டோம், எட்டு இருக்கு."

"அது லேப்டாப்போட சொந்த மெமரியில இருந்து பிடுங்கிக்கிற எட்டு. தனி கார்டு வேற, இது வேற."

"சீட்டுல பேரு எழுதித்தானே குடுத்தா?" என்றாள் கல்பனா. "அது என்னாச்சு?"

"பேரு போடக் கூடாது கல்பனா. ஆடிட் அப்ஜெக்‌ஷன் வரும்."

மைக் திறந்திருந்ததை நான் மறந்துவிட்டேன். தோழிகளில் எங்கள் தமிழ் கொஞ்சம் புரிந்த ஒருத்தி மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அங்கிள், கர் மே ஆடிட் கௌன் கரேகா?"

வீட்டில் ஆடிட் செய்ய யார் வரப்போகிறார்கள்? நியாயமான கேள்வி. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. நித்யா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கடைக்கு ஓடி, ஒரு கார்டை உள்ளே பொருத்தித் தரச் சொன்னேன். லேப்டாப்பில் அதெல்லாம் பிறவியிலேயே வருவது, பிறகு மாற்ற முடியாது என்றார் கடைக்காரர். பிரித்த பெட்டியைத் திருப்பியும் எடுக்கமாட்டாராம். என் தாளைக் காட்டி, நீங்கள் எழுதியதைத்தானே கொடுத்தேன் என்றார். அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. நானே ஆடிட் செய்தாலும் அவரைத்தான் பாஸ் செய்திருப்பேன்.

அந்த லேப்டாப்போடுதான் நித்யா ரயிலேறினாள். பிளாட்பாரத்தில் என்னிடம் பேசியது "தண்ணி பாட்டில்" என்ற இரண்டே வார்த்தை.

மூன்று வாரம் கழித்து ஒரு போன். குரலில் பழைய துள்ளல்.

"அப்பா, எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்துல வெச்சுட்டேன். கேம் ஓடுது. புல்லு, இலை, புதர் எதுவுமே தெரியாது. மொட்டை மைதானம்தான்."

"ஐயோ, அப்புறம் எப்படிம்மா விளையாடறே?"

"அதாம்பா விஷயமே. எதிரிங்க எல்லாம் புதர்ல ஒளிஞ்சிருக்கோம்னு நினைச்சுட்டு குந்தி உட்கார்ந்திருக்காங்க. எனக்குப் புதரே இல்ல. ஆளு மட்டும் பளிச்சுன்னு தெரியறாங்க. இப்ப நான்தான் டீமுக்கு வேவு. நான் வராம மூணு பேரும் ஆரம்பிக்கறதே இல்ல."

"பார்த்தியா, அப்பா வாங்கினா அதுல ஒரு..."

"அப்பா. வேணாம்."

நாலு வருஷமும் அந்தச் சந்திப்பு நிற்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் ஏழு மணிக்கு எங்கள் ஹாலில் அந்த நாலு குரலும் கேட்கும். நான் அந்தப் பக்கம் நடந்தால் ஒருத்தி, "அங்கிள், ஆடிட் ஹோ கயா?" என்று ஆடிட் முடிந்துவிட்டதா என விசாரிப்பாள். இப்போது குவார்ட்டர்ஸை விட்டு மயூர் விஹாருக்கு வந்துவிட்டோம். ஏழு மணிக்கு வீடு ரொம்பவே அமைதியாக இருக்கிறது. என்னைக் கேலி செய்யவாவது யாராவது கத்தக் கூடாதா என்று இருக்கிறது.

நித்யா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் போன் செய்து, "அப்பா, கார்த்திக்னு ஒருத்தர். பேரு சொல்லிட்டேன், மூணு கொட்டேஷன் எடுத்துடாதீங்க" என்றாள். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சாப்பிட்டுக்கொண்டே மிகப் பணிவாகக் கேட்டார்:

"மாமா, உங்க அறிக்கையில நான் எத்தனாவது இடம்?"

"ஒரே ஒரு டெண்டர்தான் வந்துது மாப்பிள்ளை" என்றேன். "பாஸ் பண்றதைத் தவிர வேற வழியில்ல."