மச்சான் மீட்டுத் தந்த எக்ஸஸ்

காசு கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. நீட்டிய காசையே வாங்கத் தெரியாதவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

கல்லடியில் ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தியிருந்த என் காரை, பின்னுக்கு எடுத்த வான் ஒன்று இடித்துவிட்டது. ஓட்டி வந்தவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் கலீல் நானா. "என்ட பிழதான் தம்பி" என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். (என்னைவிட அவர்தான் அதிகம் கவலைப்பட்டார்.)

திருத்தச் செலவைக் காப்புறுதி கொடுத்தது. ஆனால் 'எக்ஸஸ்' என்று முதல் பங்கை நானே கட்ட வேண்டுமாம். "இடிச்சவரிட்டயே கேட்டு வாங்குங்க சேர்" என்றார் காப்புறுதி அலுவலகத்துப் பெண். கையில் காசில்லாததால் மனைவி சாந்தியின் காப்புகள் அடகுக்குப் போயின.

"அடுத்த மாசம் சித்திட மகளுக்குக் கலியாணம். நான் வெறுங்கையோட போகேலா" என்றாள் சாந்தி.

கலீல் நானாவுக்குப் போன் எடுத்தேன். "சாப்பிட்டீங்களா நானா?" என்பதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. மறுநாளும் எடுத்தேன். அன்றும் அவர் சாப்பிட்டிருந்தார்.

பொறுமையிழந்த சாந்தி, தன் அண்ணன் தவராசாவை எனக்குத் துணையாக அனுப்பினாள். கட்டாரில் பல வருடம் வேலை செய்து திரும்பியவர். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

"நீங்க வாயே திறக்கப்படா மச்சான். நான் கதைக்கிறன்" என்றார், காரில் ஏறும்போதே. யாரிடம் போகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

கதவைத் திறந்த கலீல் நானா, மச்சானைப் பார்த்து அப்படியே நின்றார்.

"டேய், கட்டார் கேம்ப்ல எனக்குக் கீழ்க்கட்டில்ல படுத்த தவராசாவா?"

"நானா!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

"எனக்குக் காய்ச்சல் வந்து கிடக்கக்குள்ள, வேலைக்கும் போகாம கஞ்சி காய்ச்சித் தந்த மனிசன் மச்சான் இவர்" என்றார் தவராசா. மீசைக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன. சண்டை பிடிக்கக் கூட்டி வந்த ஆள்!

சஹன் என்ற பெரிய தட்டில் புரியாணி வந்தது. மூவரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். கைகழுவிய பிறகு கலீல் நானா ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பிட எக்ஸஸ் காசு. எப்பவோ எடுத்து வெச்சிட்டன். நீங்க கேக்கவே இல்ல."

என் விரல் கவரில் பட்டதுதான் தாமதம்.

"நானா! எங்களுக்குள்ள காசா? உள்ள வைங்க!" என்று மச்சான் கர்ஜித்தார்.

"அது அவர்ட காசு தவராசா" என்று நானா விடாமல் மீண்டும் நீட்டினார். இப்போதாவது வாங்கியிருக்கலாம். ஆனால் என் வாய் என்னைக் கேளாமலே, "சீச்சீ, வேணாம் நானா" என்றது. அவர் வற்புறுத்த வற்புறுத்த, நான் மச்சானைவிடச் சத்தமாக மறுத்தேன்.

வீட்டில் சாந்தி கைநீட்டினாள். "காசு எங்க?"

"உன்ட அண்ணனிட்டக் கேளு" என்றேன். அண்ணன் அதற்குள் எங்கள் முற்றத்தில் விட்டிருந்த தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டியிருந்தார்.

கலியாணத்துக்குச் சாந்தி கவரிங் காப்போடு போனாள். அசல் காப்பை மீட்க என் சம்பளம் மாதக்கணக்கில் கரைந்தது. அந்தக் காலம் முழுக்க என் தேநீரில் சீனி இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் கலீல் நானா வீட்டிலிருந்து எங்களுக்குப் புரியாணி வருகிறது. வாசலில் அவருடைய வான் வந்து நின்றதும் என் பிள்ளைகள் உள்ளே பார்த்துக் கத்துவார்கள்:

"அம்மா, எக்ஸஸ் வந்திட்டு!"