நாலு கம்பி ஆதிகேசவன்

ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருக்கிறார். வாத்தியம் வாசிப்பவர் அல்லர். தாம் வாத்தியம் வாசிக்க வந்த வரலாற்றை வாசிப்பவர். இவரிடம் 'ஒரு பாட்டு வாசியுங்கள்' என்று தாராளமாகக் கேட்கலாம், ஆபத்தில்லை. 'எத்தனை வருஷமாக வாசிக்கிறீர்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டீர்களா? சரி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

1977-இல் காஞ்சிபுரத்தில் இந்த இனத்தின் திலகம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆதிகேசவன். தணிகாசலத்தின் மெல்லிசைக் குழுவில் பதினான்கு வருஷமாக பேஸ் கிடார், அதாவது அடித்தொனிக்கென்றே உள்ள நாலு கம்பிக் கிடார். அவருடைய வரலாறு பஜனை கோஷ்டி ஜால்ராவில் தொடங்கி, பள்ளிக்கூட பேண்டின் பெரிய டிரம் வழியாக நடந்து, புல்புல்தாராவில் மூன்று கட்டைகள் உடைந்த சோகத்தில் சற்று நின்று, சென்னையில் ஒரு மாதாகோயில் வாசலில் கிடார் சத்தம் கேட்டு அசந்துபோய் வரிசையாக நான்கு பஸ்களைத் தவறவிட்ட மாலைக்கு வந்துசேர்ந்து, "நான் பேஸைத் தேடிப் போகலை, பேஸ்தான் என்னைத் தேடி வந்திச்சு" என்ற இடத்தில் மூச்சு வாங்கும்.

இது முன்னுரை. அடுத்தது சாமான்கள்.

கிடார் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. கழுத்து ஒரு கிடாருடையது, வயிறு வேறொன்றுடையது. இரண்டும் சேர்ந்து வாழப் பழகிவிட்டன. ஆம்பிளிபயர், ரேடியோ ரிப்பேர்க் கடை காசிநாதன் பழைய வால்வு ரேடியோவைப் பிரித்துக் கட்டியது; சில சமயம் அதில் இலங்கை வானொலியும் வரும், அன்றைக்குக் கச்சேரி இன்னும் களைகட்டும். ஒலிபெருக்கிப் பெட்டி அசல் பலாப்பலகை, தூக்க இரண்டு பேர், திட்ட ஒருவர். தோள்வார் மட்டும் சுத்தமான பட்டுக்கரை, மனைவி தேவகியின் முகூர்த்தப் புடவையில் கிழித்தது. கேட்டுவிட்டுக் கிழித்தாரா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வரலாற்றை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

இவ்வளவு இருந்தும் மனிதருக்கு ஒரு குறை. அவர் வாசிப்பது யார் காதிலும் விழுந்ததில்லை.

"நேத்து நீங்க வாசிச்சது எதுங்க? அந்த டம்டம்மா?" என்று தேவகி ஒருமுறை கேட்டாள்.

"அது தபலா."

"நீளமா இழுத்திச்சே?"

"அது அக்கார்டியன். நம்மளுது எல்லாத்துக்கும் அடியில இருக்கும்."

"அடியில ஜமுக்காளந்தான் இருந்திச்சு."

இந்த நிலையில்தான் தணிகாசலம் ஒருநாள் வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"புதுசா அம்சான்னு ஒரு பொண்ணு பாட வருதுபா. கூட அவங்க அம்மா வருவாங்க. வேன்ல எடமில்ல. உன் பெட்டி ரெண்டு ஆளு எடத்த அடைச்சிக்கினு இருக்குது."

"பேஸ் இல்லாம பாட்டு நிக்குமா தணிகாசலம்?"

"நிக்குதான்னு பாத்துடலாம். திருப்புட்குழி கல்யாணத்துல நீ வாசிக்காத. நாம யாரும் சொல்லாம, கூட்டத்துல ஒரே ஒருத்தர் இன்னாவோ கொறையுதுன்னு சொல்லட்டும். அப்புறம் சாவற வரைக்கும் நீதான் பேஸு. சொல்லலைன்னா பெட்டிய வீட்லயே வெச்சுக்க."

ஒரே ஒருத்தர். பதினான்கு வருஷத்தில் அப்படி யாராவது உண்டா? ஆதிகேசவன் ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை. அரை நிமிஷம் யோசித்தார். உண்டு: அடுத்த வீட்டு நெசவாளி வீரபத்திரன்.

போன மாதம்தான் அவர் தறியிலிருந்து எழுந்து நேரே சண்டைக்கு வந்திருந்தார்.

"ஏம்பா கேசவா, சாயங்காலத்துல இன்னாத்த முட்டறே? சத்தமா காதுக்கு ஒண்ணும் வரல. தறிக்குழியில தொங்கற காலுக்கு வருது. நீ ரெண்டு முட்டு முட்டனா என் காலு ரெண்டு மிதி மிதிச்சிடுது. டிசைன் அட்டை ஒண்ணு தாண்டிப் போவுது. இந்தா பாரு மயிலு. கழுத்தக் காணோம். வாத்தாட்டம் நிக்குது."

வேறொருவராயிருந்தால் வருந்தியிருப்பார். ஆதிகேசவன் அந்த வாத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். அவருடைய வாசிப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அது.

ஆகவே திருப்புட்குழிக்கு வீரபத்திரனை அழைத்துப் போனார். காரணம் சொல்லவில்லை, வடை பாயசத்தோடு சாப்பாடு என்று மட்டும் சொன்னார். முன்வரிசையில் உட்காரவைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளியே விட்டால் வாசித்துவிடும்.

பேஸ் இல்லாமல் முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல். அம்சா பாடிய இரண்டாவது பாட்டுக்கு மாப்பிள்ளையே கைதட்டினான். ஐந்தாவது பாட்டில் பெண்ணின் தகப்பனார் ராஜவேலு மேடையேறிப் பாடகிக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆதிகேசவனுக்கு வியர்த்தது. வீரபத்திரனின் முகத்தைப் பார்த்தார். அது பாயசத்தை எதிர்பார்க்கும் முகமாகவே கடைசிவரை இருந்தது.

கச்சேரி முடிந்ததும் தணிகாசலம் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"எப்பிடிங்க இருந்திச்சு நம்ம கச்சேரி?"

வீரபத்திரன் தம் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

"இன்னைக்கு இன்னாவோ ஒண்ணு இல்லபா."

தணிகாசலத்தின் முகம் தொங்கியது. ஆதிகேசவனுக்குத் தொண்டை அடைத்தது. பந்தயம் அதே இடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நெசவாளி பாதியில் விடுவாரா?

"அடியில ஒண்ணு முட்டிக்கினே இருக்குமே, அது இல்ல. அதனாலதான் பாட்டு காதுல விழுந்திச்சு. காலும் சொன்ன பேச்சு கேட்டுச்சு. இனிமே இப்பிடியே வெச்சுக்குங்கபா, நல்லா இருப்பீங்க."

வாக்கு வாக்குதான். தணிகாசலம் சொன்ன சொல் தவறாதவர். அன்றுமுதல் பலாப்பெட்டி வேனில் வந்தது. அம்சாவும் அவள் அம்மாவும் பஸ்ஸில் வந்தார்கள். ஆதிகேசவனின் வரலாற்றில் புதிய அத்தியாயம் ஒன்று சேர்ந்தது: "ஒருநாள் நான் வாசிக்கலை. முன்வரிசையில இருந்த ஒரு ரசிகர், இன்னாவோ ஒண்ணு இல்லபான்னுட்டார்." அத்தியாயம் அங்கேயே முடியும். ரசிகரின் மிச்சப் பேச்சை அவர் ஒளிக்கவில்லை. பாவம், தொண்டை அடைத்த அந்தக் கணத்தில் அவருக்குக் காதும் அடைத்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு கிடார் கிடையாது, தெரியும். சங்கத்தில் செயலாளராக இருக்கலாம், ஆபீஸில் பழைய ஆளாக இருக்கலாம், சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவராகக்கூட இருக்கலாம். ஒருநாள் நீங்கள் போகாமலிருந்து, மறுநாள் ஒருவர், "நேத்து நீங்க இல்லாதது நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்று சொல்லியிருப்பாரே? மகிழ்ச்சி. அவரை முழுசாகப் பேசவிட்டீர்களா?