கடலில் புகை கிடையாது

ஒரு ஆபீஸ் கதவு தொறந்து கெடந்தா உள்ள வேலை நடக்குதுன்னு நெனைக்கது மனுச சுபாவம். அந்தச் சுபாவத்தைத் திருத்தத்தானோ என்னவோ, திரேஸ்புரம் கடற்கரையில 'கடல்சார் இடர் அறிவு அலுவலகம்'னு ஒண்ணைத் தொறந்தாங்க. எம் பேரு ராமர். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். அந்த ஆபீசுக்கு நேர் எதுத்தாப்புல போட் இஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். அதனால அங்க நடந்த எதையும் நான் ஊகிக்க வேண்டியதே இல்ல, கல்லாவுல உக்காந்தபடியே பார்த்தாச்சு.

முன்னாடியெல்லாம் கடலுக்குப் போன ஒருத்தன் திரும்பலைன்னா நாலு பேரு பேசாம வள்ளத்தை எடுத்துட்டுத் தேடக் கெளம்பிருவாங்க. அது ஒழுங்கீனமாம். முறைப்படுத்திட்டாங்க. இப்ப தேடப் போகணும்னா இந்த ஆபீஸ்ல அனுமதிச் சீட்டு வாங்கணும். சீட்டு இல்லாமப் போனா, போனவன் படகு உரிமம் ரத்து.

அரசாங்கத்துக்கு வருசத்துக்கு ஒரு மோகம் வரும். ஒரு வருசம் எதை எடுத்தாலும் 'ஸ்மார்ட்'. அடுத்த வருசம் நாற்காலியில உக்காந்தே யோகா. இந்த வருசம் பௌத்தத் தர்க்கம். அந்தக் காலத்துப் பிக்குகள், பாவம், ஆயுசு பூரா மண்டைய ஒடச்சு யோசிச்சு எழுதி வச்சதை, எங்க உதவி இயக்குநர் செந்தில்முருகன் சாரு மலை மேல ஒரு ஏசி ஹால்ல பவர்பாயிண்ட்டுல பார்த்துட்டு, நெத்தி மினுமினுக்க எறங்கி வந்தாரு.

"ராமர், அறிவுக்கு வழி, அதாவது பிரமாணம், ரெண்டே ரெண்டு. கண்ணால பாக்குறது ஒண்ணு. பார்த்ததை வச்சு அனுமானிக்கிறது ஒண்ணு. அவர் சொன்னார், இவர் சொன்னார், அங்க எழுதியிருக்குங்கிறதெல்லாம் தனிப் பிரமாணமே கிடையாதுங்க."

"அப்ப அரசாணை சார்?"

"அது மேலிருந்து வருதுங்களே."

கரையில உள்ள கடைகளுக்கு உரிமமும் அவரு கையிலதான். என் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன். முடியாதுன்னுட்டாரு. உலகத்துல எதுவும் ஒரு கணத்துக்கு மேல நிக்காதாம். போன வருசம் உரிமம் வாங்குன ராமர் அப்பவே அழிஞ்சாச்சாம். நான் வேற ஆளாம், புதுசா விண்ணப்பிக்கணுமாம்.

"அப்ப மாசம் பூரா வேலை பார்த்த ஆபீசரு வேற, சம்பளம் வாங்குத ஆபீசரு வேறயா சார்?"

"அது கருவூலத்துறை சம்பந்தப்பட்டது. அதுக்குள்ள நாம போக வேண்டாங்க."

அப்புறம் மீனவர் அட்டை. ஒரு சொல்லு எந்தப் பொருளையும் நேராச் சுட்டாதாம், மத்ததை விலக்கித்தான் சுட்டுமாம். அதனால அட்டையில 'மீனவர்'னு இருந்ததை அழிச்சுட்டு 'மீனவர் அல்லாதார் அல்லாதார்'னு அச்சடிச்சாங்க. டாக்டர் இல்ல, வாத்தியார் இல்ல, தபால்காரர் இல்லன்னு ஒவ்வொரு துறையிலயும் சான்று வாங்கிட்டு வரணும். சான்று பிரமாணம் ஆகாது, ஆனா இணைக்கணும். படகுச் சங்கத் தலைவர் ஜாய்சன் அலையா அலைஞ்சான். கால்நடைத் துறைக்காரன் மட்டும் அவன் கால்நடை மருத்துவன் இல்லைங்கதை உறுதிப்படுத்த மாட்டேன்னுட்டான்.

இதுல ஊருக்குக் கோவம் வந்துச்சான்னா, அதுதான் இல்ல. பிடிச்சுப் போச்சு! டீக்கடையில "வடை சூடா இருக்கா?"ன்னு கேட்டா, "ஆவி வருதுல்லா, அனுமானிச்சுக்கோரும்"ங்கான். சாரு நடத்துத வகுப்புக்குப் போனா 'பிரமாண நண்பன்'னு ஒரு பேட்ஜ். ஜாய்சன் அதைக் குளிக்கும்போது மட்டுந்தான் கழட்டுவான். நானும் ஒண்ணு குத்தியிருந்தேன். சும்மா குடுத்தா யாரு வேண்டாம்பா?

அந்த ஞாயித்துக்கெழமைக்கு வாரேன். ஞாயித்துக்கெழம எங்க கரையில யாரும் கடல்ல எறங்க மாட்டாங்க. சர்ச்சுல பூசை முடிஞ்சு ஆம்பளைங்க சும்மாதான் கெடப்பாங்கன்னு தெரிஞ்சு சாரு அன்னைக்கு முகாம் போட்டாரு, மத்தியானம் பிரியாணியோட. ஆபீஸ் ஹால் நெறஞ்சு போச்சு. வள்ளம் அம்புட்டும் வெளிய மணல்ல வரிசையா கெடந்துச்சு.

வகுப்பு மும்முரமா நடக்கு, விஜிலா தலைவிரி கோலமா ஓடியாந்தா. ஜாய்சனோட அண்ணன் டெரன்ஸ் பொண்டாட்டி. டெரன்சும் அவன் கூட்டாளி நேசக்குமாரும் சனிக்கெழம விடியப் போனவங்க, பொழுதடையத் திரும்பியிருக்கணும். திரும்பல.

"சார், முயல்தீவுக்கு அங்கிட்டு புகை தெரியுது. அவுகதான் சார். இஞ்சின் நின்னு போச்சுன்னா எதையாது கொளுத்திப் புகை காட்டுவாக. சீட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க, இவங்க போய்க் கூட்டியாந்துருவாங்க."

எல்லாரும் ஜன்னலுக்கு எந்திரிச்சுப் போனோம். தூரத்துக் கடல்ல கருகருன்னு ஒரு புகை நட்டமா நின்னுச்சு. அனல்மின் நிலையத்துப் புகை தெக்க தனியாத் தெரியுது, இது வேற. கண்ணு உள்ளவன் அத்தன பேரும் பார்த்தோம்.

சாருக்கு மொகம் மலர்ந்து போச்சு. "அற்புதமான உதாரணம்! எனக்குப் பயிற்சியில கூட இப்படி ஒண்ணு கெடைக்கலைங்க. எல்லாரும் உக்காருங்க." போர்டுகிட்ட போயிட்டாரு.

"புகை இருக்கிற இடத்துல நெருப்பு இருக்கும். எதைப் போல?"

"அடுக்களை போல!" நாங்க எல்லாம் சேந்து கத்துனோம். அது வகுப்புல பாடம் பண்ணுனது.

"நெருப்பு இல்லாத இடத்துல புகையும் இருக்காது. எதைப் போல?"

"தண்ணி போல!" ஜாய்சன் சத்தந்தான் ஒசக்க.

"கடல் என்னது?"

"தண்ணி!"

"ஆகவே, அங்க புகை கிடையாது." சாக்பீஸைக் கீழ வச்சுட்டாரு. "அம்மா, நீங்க பார்த்தது புகை மாதிரி ஒண்ணு. மூடுபனியைப் புகைன்னு ஏமாறுறது உண்டுன்னு பழைய நூல்கள்லயே எச்சரிக்கை இருக்குங்க."

"மண்டையப் பொளக்குத வெயில்ல மூடுபனியா சார்?"

"அதைத்தான் ஆராயணும்."

"அப்ப எம் வீட்டுக்காரரு எங்க?"

"கரையில தென்படலைன்னா கரையில இல்லைன்னு ஆகும். கடல்ல இருக்கார்னு ஆகாது. அதோட ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில யாரும் கடல்ல இருக்கிறதில்லை. இது ஊரறிஞ்ச நியதி இல்லீங்களா?"

ஊர் தலையை ஆட்டுச்சு. நியதிதான?

விஜிலா கண்ணத் தொடச்சுட்டு நிமிந்தா. "சார், காரியத்துக்கு ஆகுதது எதுவோ அதுதான் நெசமா இருக்குத பொருள்னு போன வாரம் இங்கன மைக்குல சொன்னீக. எங்க வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அப்ப இந்த ஆபீஸ் இருக்கா, இல்லையா?"

"நல்ல கேள்வி. கடைசியில கேள்வி நேரம் இருக்கு, அப்ப எடுத்துக்கலாம்."

அவ திரும்பி ஜாய்சனைப் பார்த்தா. "ஏலே, ஒன் கூடப் பொறந்தவன்லா அங்கன கெடக்கான்! எந்திரிலே!"

"மைனி, கொஞ்சம் பொறுங்க. எம் படகு புதுசு. சீட்டு இல்லாம எடுத்தா உரிமம் போயிரும். சாரு ஆராயுதேன்னு சொல்லுதாருல்லா?"

"அண்ணாச்சி, நீங்களாது சொல்லுங்க"ன்னு எம் பக்கம் திரும்புனா.

என் உரிமமும் அவரு மேசையிலதான கெடக்கு? "ஏளா, படிச்சவுக ஒரு காரணம் இல்லாமலா சொல்லுவாக? செத்த உக்காரு"ன்னேன்.

தூ-ன்னு துப்பிட்டு வெளிய போனா. மணல்ல எறங்கி, ஒரு வள்ளத்துல தோளைக் குடுத்துத் தள்ளுனா. ஒத்த ஆளு தள்ளி அது நகருமா? முட்டி போட்டுத் தள்ளுனா. ஜன்னல் வழியா அதையும் பார்த்தோம். காட்சிப் பிரமாணம், சந்தேகமே இல்ல.

பிரியாணிப் பொட்டலம் வாரப்ப புகை மெலிஞ்சு இல்லாமப் போச்சு. "பார்த்தீங்களா, தானா கலைஞ்சிருச்சு. மூடுபனிதான்"ன்னாரு சாரு. கை தட்டுனோம்.

சாயங்காலம் மாலத்தீவுல இருந்து திரும்புன சரக்குத் தோணி ஒண்ணு, டெரன்ஸ் வள்ளத்தைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்துச்சு. தோணிக்காரங்களுக்கு நம்ம சாரோட சுற்றறிக்கை போய்ச் சேரல. அதனால புகையைப் புகைன்னே நெனச்சுட்டாங்க, வெவரங் கெட்டவங்க. வள்ளம் பாதி கரிக்கட்ட. வலை, பாய், உக்காருத பலகை, மேல போட்டிருந்த சட்ட, எல்லாத்தையும் கொளுத்தியிருக்கான். நேசக்குமாரைத் தூக்கித்தான் எறக்குனாங்க. டெரன்ஸ் கையி ரெண்டும் கொப்புளம்.

சாரு நேர்ல வந்து கரியைத் தொட்டுப் பார்த்தாரு. "நெருப்பு இருந்தது உறுதிங்க."

"அப்ப புகை?"ன்னா விஜிலா.

"நெருப்பு இருந்தாப் புகை இருந்தே ஆகணும்னு நியதி இல்லைங்க. காய்ச்சுன இரும்புல நெருப்பு உண்டு, புகை உண்டா?" அப்புறம், சீட்டு இல்லாம ஆளைக் காப்பாத்துனதுக்கு விளக்கம் கேட்டுத் தோணிக்கு ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு ஜீப்புல ஏறுனாரு.

டெரன்ஸ் மணல்ல உக்காந்து, விஜிலா புகட்டுன தண்ணியைக் குடிச்சான். குடிச்சு முடிச்சு எங்களைப் பார்த்தான். அவனைச் சுத்தி ஆம்பளைங்க, பின்னால வரிசையா வள்ளம்.

"ஏலே ஜாய்சன், வலை அம்புட்டையும் கொளுத்துனேம்லே. கரைக்குப் புகை தெரிஞ்சுதா, இல்லையா?"

ஜாய்சன் குனிஞ்சு மணலைப் பார்த்தான். டெரன்ஸ் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க"ன்னான்.

தெரிஞ்சுதுன்னு சொன்னா, அவன் அடுத்து என்ன கேப்பான்? அந்த ஒண்ணை மட்டும் அங்க நின்ன அத்தன பேரும் பிசகாம அனுமானிச்சுட்டோம்.

"இல்லப்பா டெரன்ஸ்,"ன்னேன். "கடல்ல புகை கெடையாது."