வெல்லக்கட்டிக்கு ஒற்று உண்டு

வாடிக்கையாளரின் பணத்தை யாரும் எடுத்துவிடாதபடி காப்பது அந்த வங்கியின் தலையாய கொள்கை. ‘யாரும்’ என்பதில் வாடிக்கையாளரும் அடங்குவார் என்பது தமிழ் வாத்தியாருக்குக் காது மெஷின் கடையில்தான் தெரியவந்தது.

வாத்தியாரின் மனைவிக்குக் கொஞ்ச காலமாகக் காது மந்தம். “சாவி எங்கே?” என்று கேட்டால், “ஆவியா? எங்கே?” என்று திரும்பிப் பார்ப்பாள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அன்றுதான் அழைத்து வந்திருந்தார். மெஷினை மாட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. “ஃபேன் இவ்ளோ சத்தம் போடுமா?” என்றாள்.

கடைக்காரர் கார்டைத் தேய்த்தார். செல்லாது என்றது கருவி. மறுகணம் வாத்தியாரின் போனில் செய்தி வந்தது: ‘தங்கள் பாதுகாப்பைக் கருதித் தங்கள் அட்டை முடக்கப்பட்டுள்ளது. என்றும் தங்கள் சேவையில்.’

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் மெஷினை மெதுவாகக் கழற்றிக்கொண்டார். “இந்த மாடல் ஒண்ணுதான் சார் இருக்கு. சாயங்காலம் இன்னொருத்தர் வர்றேன்னிருக்கார்.”

“இங்கயே உக்காரு, பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்றார் வாத்தியார் மனைவியிடம்.

“என்ன?” என்றாள் அவள்.

வங்கியில் தகவல் பாதுகாப்பு வாரம் நடந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க ‘யாரிடமும் எதையும் சொல்லாதீர்’ என்ற தட்டிகள். கவுன்டர் பெண்ணின் பேட்ஜில் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர். அவளுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில், துப்பாக்கிக் குண்டும் துளைக்காத புதிய கண்ணாடி. குண்டு நுழையாத இடத்தில் குரலும் நுழையவில்லை என்பது பிறகுதான் தெரிந்ததால், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக மைக் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியை உள்ளே மாட்ட உத்தரவு வரவில்லை. ஆகையால் அது கூடத்தின் நடுவில், வரிசையில் நிற்பவர்களின் தலைக்கு மேலே தொங்கி, கண்ணாடிக்குள்ளும் கேட்கும்படி அலறியது.

வாசலில் நின்ற காவலாளி சல்யூட் அடித்தான். ஒருகாலத்தில் வாத்தியார் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியவன். “வாங்கய்யா.” அவன் மட்டுமல்ல, வரிசையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் வைத்த பெயர் இஞ்சி. வகுப்பில் அவர் சிரித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. அந்த நற்பெயரை ஓய்வுபெற்ற பிறகும் அவர் சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றி வந்தார்.

“கார்டை ஏன் நிறுத்தினீங்க?” என்றார் மைக்கில். கூடமே அதிர்ந்தது.

“சந்தேகத்துக்கிடமான செலவு சார். காது மெஷின்.”

“என் மனைவிக்கு வாங்கினேன்.”

“அதான் சார் சந்தேகம். இத்தனை வருஷத்துல இந்தக் கணக்குலேருந்து அவங்களுக்குன்னு எதுவுமே வாங்கினதில்லை. திருடன்தான் வாங்கறான்னு கம்ப்யூட்டர் நினைச்சிடுச்சு.”

வரிசையில் யாரோ இருமினார்கள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. திருடனுக்கு இருந்திருக்கக்கூடிய கரிசனம் தனக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று யோசிக்க அது இடமில்லை.

“சரி, திறந்து விடுங்க.”

“நீங்க நீங்கதான்னு நிரூபிக்கணும். இந்த வாரம் வர்ற எல்லாருக்குமே இதுதான் சார். பிறந்த தேதி சொல்லுங்க.”

வாத்தியார் தட்டியைக் காட்டினார். “யாரிடமும் எதையும் சொல்லாதீர்னு போட்டிருக்கே.”

அவள் முகம் மலர்ந்தது. “பிரமாதம் சார். நூத்துல ஒருத்தர்தான் இந்த மாதிரி உஷாரா இருக்காங்க.”

“அப்ப திறந்துடுவீங்களா?”

“சொல்லலைன்னா எப்படி சார் திறக்கிறது?”

வாத்தியார் பிறந்த தேதியைச் சொன்னார். ஒலிபெருக்கி அதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னது. அம்மா பெயரும் வீட்டு விலாசமும் போன் நம்பரும் அவ்வாறே ஊருக்குத் தெரியப்படுத்தப்பட்டன.

“கடைசியா ரகசியக் கேள்வி சார். உங்கள் செல்லப் பெயர் என்ன?”

வாத்தியாருக்கு வியர்த்தது. கணக்குத் தொடங்கிய அன்று, உண்மையைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லாத குற்றத்துக்காக, அவர் உண்மையையே எழுதியிருந்தார். மனைவி தனியே இருக்கும்போது மட்டும் கூப்பிடும் பெயர்.

“எழுதிக் காட்டட்டுமா?”

“ரகசியத்தை எழுதவே கூடாது சார். எழுதினா யாராவது பாத்துடுவாங்க. மைக்கில சொல்லுங்க.”

“வேற கேள்வி இல்லையா?”

“இருக்கு. அதுக்கு மாத்தணும்னா இதுக்குப் பதில் சொல்லணும்.”

வாத்தியார் திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. போய்விடலாமா என்று நினைத்தார். கடையில் அவள் உட்கார்ந்திருப்பாள், யார் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் முணுமுணுத்தார்.

“வெல்லக்கட்டி.”

ஒலிபெருக்கிக்கு முணுமுணுப்புத் தெரியாது. கூடம் ஒரு கணம் மூச்சடக்கிப் பிறகு வெடித்தது. இஞ்சியிடம் அடி வாங்கியவர்களெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“தப்புன்னு வருது சார்” என்றாள் அவள். “வெ, ல், ல, க, ட், டி. சரிதானே?”

அவ்வளவுதான். அவமானம், வியர்வை, மனைவி எல்லாம் மறந்துபோயிற்று. “க் எங்கே?” என்று கர்ஜித்தார். “வெல்லம், கட்டி. ‘ம்’ போயிடும், ‘க்’ வரும். வெல்லக்கட்டி! இதுகூடத் தெரியாம உங்களை யார் உக்கார வெச்சது?”

“வெல்லக்கட்டி” என்று வாசலிலிருந்து காவலாளி பழைய பயத்தில் ஒப்பித்தான். ஊர் இரண்டாம் முறையாக, இலக்கணத்தோடு கேட்டுக்கொண்டது.

கார்டு திறந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சார், அது வளர்ப்பு நாயோட பேரைக் கேக்கற கேள்வி. செல்லப் பிராணியின் பெயர்னு இருந்துச்சு. கட்டத்துல இடம் பத்தலைன்னு சுருக்கிட்டாங்க. எல்லாருமே உங்களை மாதிரிதான் எழுதி வெச்சிருக்காங்க.” பிறகு, “அடுத்தவர்!” என்றாள்.

வரிசையில் சிரிப்பு நின்றது. அடுத்து நின்றவர் பெரிய கான்ட்ராக்டர். நரைத்த மீசையைத் தடவியபடி மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஓரத்து நாற்காலியில் ஓர் இளம்பெண் மட்டும் எந்த வேலையும் இல்லாதவளாக, சுவரொட்டிகளை ரசித்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

கடையில் கார்டு செல்லுபடியாயிற்று. மெஷின் காதில் ஏறியது. மனைவி ஃபேனை மறுபடி பார்த்துச் சிரித்தாள். அப்போது போன் அடித்தது.

“வணக்கம், வெல்லக்கட்டி சார். பேங்க் பாதுகாப்பு மையத்துலேருந்து பேசறேன்” என்றது இனிமையான பெண்குரல்.

வாத்தியார் எச்சரிக்கையானவர். யோசித்தார். ‘ரகசிய விடை தங்களுக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும்’ என்று தட்டியில் எழுதியிருந்தது. பேசுவது நான் இல்லை. ஆகவே பேசுவது வங்கி. தவிரவும், அவள் ஒற்றை விழுங்காமல் சொன்னாள். ஒற்றை விழுங்காதவர்கள்மேல் வாத்தியாருக்குத் தனி மதிப்பு உண்டு.

“கார்டை முழுசாத் திறக்கணும் சார். இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க.”

“இரும்மா, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.”

“யாரு அவ?” என்றாள் மனைவி.

“பேங்குலேருந்து.”

“உங்களை என்னன்னு கூப்பிட்டா?”

“உனக்குக் கேட்டுச்சா?”

பதிலுக்கு அவள் போனைப் பிடுங்கினாள். “இந்தாம்மா, அவரை அப்படிக் கூப்பிட நீ யாரு?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் பணம் தப்பியது. வீடு வரை அவள் பேசவில்லை. வாத்தியார்தான் பேசினார். அவளுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது.

சில நாள் கழித்துக் காவலாளி வழியில் பார்த்துச் சொன்னான். “அன்னைக்கு வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் போன் வந்துச்சாம் ஐயா. செல்லப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாளாம். நிறையப் பேருக்குப் பணம் போயிடுச்சு. கான்ட்ராக்டருக்கு ரொம்ப.”

“புகார் குடுத்தாங்களா?”

“வந்தாங்க. புகார் எழுதணும்னா முதல்ல ரகசிய விடையைச் சொல்லி உறுதிப்படுத்தணுமாம். மைக்கைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

ஊர் இவ்வளவு கோழையா என்று வாத்தியார் பொங்கினார். தானாவது சொல்லித் தீர்ப்பது என்று வங்கிக்குப் போனார். வரிசையில் நின்றார். முறை வந்தது. மைக்கைப் பார்த்தார். வெளியே வந்தார்.

“புகார் குடுத்தீங்களா?” என்றாள் மனைவி.

“ம்” என்றார் பழைய வழக்கப்படி, அவள் காதுக்கு எட்டாத குரலில்.

“பொய் சொல்றது நல்லாவே கேக்குது” என்றாள்.

அந்த ஆண்டின் தகவல் பாதுகாப்புக் கேடயம் அந்தக் கிளைக்குக் கிடைத்தது. ஒரு மோசடிப் புகார்கூட வராத ஒரே கிளை அதுதானாம். இந்தப் பெருமையில் பங்குகொள்ளும்படி எல்லா வாடிக்கையாளருக்கும், சிக்கனம் கருதி உறையில்லாத தபால் அட்டையில் நன்றி அனுப்பினார்கள். வாத்தியாருக்கு வந்தது, ‘அன்புள்ள வெல்லகட்டி அவர்களுக்கு’ என்று தொடங்கியது.

வாத்தியார் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, விட்டுப்போன க்-ஐப் போட்டு, வங்கிக்கே திருப்பி அனுப்பினார்.