அம்மாவின் மிஸ்ட் கோலும் என் எலெக்ட்ரான்களும்

ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் வருடமே பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக நம்பாத மாணவன் கிடையாது. நான் ஒருபடி மேலே போய், பேராசிரியரையும் முழுக் குழுவையும் கூட்டிவைத்து அதை அறிவித்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, மியூனிக். இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே ஒரேயொரு மூலக்கூறு. அதன் வழியே எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். சுற்றுப்புறத்தின் சின்னத் தொந்தரவையும் அவை தாங்கமாட்டா. அதனால் எல்லாவற்றையும் செப்புப் பெட்டிக்குள் பூட்டி, திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, வெளியுலகமே இல்லை என்று ஏமாற்றி வைத்திருந்தோம். அந்த மெல்லிய மின்னோட்டக் கோட்டை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. (இன்றும் புல்லரிக்கும்.)

அந்தக் கோடு மதியமானால் திடீரென்று எகிறியது. மூலக்கூறு தானாக அதிர்ந்து எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது என்று முடிவுகட்டி, பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் எழுதினேன். மூலக்கூறுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் எப்படித் தெரியும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

என்னை முனைவர் பட்டத்துக்கு எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பேராசிரியர் அந்த மாதம்தான் முடிவுசெய்ய இருந்தார். எல்லோரும் திரை முன் கூடினார்கள். கோடு எகிறியது.

"பார்த்தீர்களா!" என்று கத்தினேன்.

"இன்டரஸான்ட்," என்றார் பேராசிரியர். ('சுவாரசியமாக இருக்கிறது' என்று ஜெர்மன்காரர் சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.)

சக மாணவி காட்ரின் என் பக்கம் திரும்பினாள். "உன் ஜாக்கெட் ஏன் வெளிச்சமடிக்கிறது?"

அளவிடும் கருவிக்குப் பக்கத்தில் தொங்கிய ஜாக்கெட்டின் பைக்குள், சத்தத்தை மட்டும் அடக்கி வைத்திருந்த என் கைபேசி. டுசல்டோர்ஃபில் ஒரு கன்டீன் சமையலறையில் வேலை செய்த அம்மா, மதிய இடைவேளை வந்ததும் ஒரு ரிங் விட்டு வெட்டுவார்; அதுதான் மிஸ்ட் கோல். அவருக்குக் காசு போகாது. நான்தான் திருப்பி அழைக்க வேண்டும். அசடு வழிய இதைச் சொன்னேன்.

"அவரை மறுபடி அழைக்கச் சொல்," என்றார் பேராசிரியர்.

அம்மாவை அழைத்தேன். "அம்மா, இன்னொருக்கா ரிங் விடுங்கோ."

"ஏன் அப்பன்? இன்னும் சாப்பிடேல்லையே?"

"பேந்து சொல்லுறன். கெதியா விடுங்கோ!"

விட்டார். கோடு எகிறியது. பேராசிரியர் இன்னொரு ரிங் கேட்கச் சொல்லி, கைபேசியைத் தூரக் கொண்டுபோய் வைத்தார். கோடு அசையவில்லை. எகிறவைத்தது மூலக்கூறு அல்ல, கைபேசியின் அலை. அறை முழுக்கச் சிரிப்பு. என் கண்டுபிடிப்பு, சமன்பாடுகள், முனைவர் பட்டம் எல்லாம் ஒரே நொடியில் போச்சு. ஹீலியத் தொட்டிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு பூட்டியும் வெளியுலகம் உள்ளே போயிருக்கிறது. எந்த வழியாகப் போனது? எலெக்ட்ரானை என்ன செய்தது? அதைக் கண்டுபிடி. அதுதான் உன் முனைவர் பட்ட ஆய்வு."

வெட்கத்தை மீறிக்கொண்டு எனக்குப் பிரமிப்பு வந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு மூலக்கூறைக்கூட இந்த உலகம் தனியாக விடுவதில்லை. இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை.

பட்டம் கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா தேத்தண்ணியோடு சேர்த்து இதையும் பரிமாறுவார்:

"கண்டுபிடிச்சது நான். இவன் அதை எழுதி மட்டும்தான் குடுத்தவன்."