கடல் எண்ணெயாக இருக்கும் என்று நான் சொன்னது குறித்து

அடமாஸ், மிலோஸ் தீவு
ஆகஸ்ட் 18

மதிப்புக்குரிய சம்பந்தி சீசிஸ் அவர்களுக்கு யாக்கோவோஸ் வணக்கம் கூறி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கலிரோயியும் தேக சுகத்தோடு இருக்கிறோம். கோசானியில் நீங்களும் சம்பந்தியம்மா எவந்தியாவும் சுகம் என்று மருமகள் வாயா சொன்னாள். அதை உங்கள் வாயாலேயே கேட்டு இருபத்தாறு நாள் ஆகிறது.

முதலில் குங்குமப்பூ விஷயத்தை முடித்துவிடுகிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி இங்கே பேரனுக்கு ஞானஸ்நானம் என்று சொல்லி அனுப்பியதற்கு, பூ வேலை இருக்கிறது, வர இயலாது என்று மகளிடம் சொல்லிவிட்டீர்களாம். நான் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன்தான். ஆனால் என்னிடம் பன்னிரண்டு பாகக் கலைக்களஞ்சியம் இருக்கிறது, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு தடவை படித்தவனும் நான்தான். குங்குமப்பூ அக்டோபர் நடுவில்தான் பூக்கும் என்று அதில் படத்தோடு போட்டிருக்கிறது. ஆகவே உங்களைத் தடுப்பது பூ இல்லை, நான். பையனுக்கு என் பெயர்தான் வைக்கப் போகிறார்கள். முதல் பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம், அதில் நான் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் பாதிரியார் அந்தப் பெயரைச் சொல்லும்போது நீங்கள் அங்கே நிற்கவில்லை என்றால், அந்தப் பெயரை நான் எந்த முகத்தோடு காதில் வாங்குவேன்? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். போன மாதம் இங்கே வந்து நீங்கள் கப்பலை விட்டு இறங்கியதும் நான் ஒரு பேச்சுப் பேசினேன். எங்கள் தீவில் கடற்கரையை மனிதன் தேர்ந்தெடுப்பதில்லை, காற்றுதான் தேர்ந்தெடுக்கும், வடக்கிலிருந்து அடித்தால் தெற்குக் கரை, தெற்கிலிருந்து அடித்தால் வடக்குக் கரை, எழுபது கடற்கரையும் எனக்கு உள்ளங்கை மாதிரி என்றேன். காற்றைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. அதில் இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். உள்ளங்கை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் வடக்குக் காற்று. உங்களைத் தெற்கே பாலியோஹோரிக்கு அழைத்துப் போனேன். காற்று விஷயத்தில் அன்று நான் தவறவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மணலுக்கு அடியில் எரிமலை இன்னும் முழுசாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அது எந்த இடத்தில் தூங்கவில்லை என்பதுதான் தெரியாது. செருப்பைக் கழற்றச் சொன்னது நான். நீங்கள் கழற்றினீர்கள். கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றுவிட்டு, "சம்பந்தி, மணல் லேசா சுடுதே?" என்றீர்கள். "அது மூட்டுக்கு நல்லதுங்க, அசையாம நில்லுங்க" என்றேன். பக்கத்தில் சாப்பாட்டுக் கடைக்காரி ஆட்டுக்கறிச் சட்டியை அதே மணலில் புதைத்துக்கொண்டிருந்தாள். நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, அந்த ஆளை இன்னும் பத்து நிமிஷம் நிக்க வைங்க, நான் எலுமிச்சம்பழம் எடுத்தாரேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் ஒற்றைக்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு. அன்று மாலை கலிரோயி உங்கள் பாதத்துக்குத் தயிர் தடவியபோது, தயிரும் மூட்டுக்கு நல்லது என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டாம் நாளும் வடக்குக் காற்றுதான். ஆகவே மறுபடி தெற்கு, சிக்ராடோ. இறங்குவதற்குப் படி இருக்கிறது என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் பாறையில் ஒரு பிளவு, அதற்குள் ஒரு கயிறு, கயிறு முடிகிற இடத்தில் ஒரு ஏணி. "படின்னு சொன்னீங்களே அண்ணே?" என்று கேட்டார். "இதுவும் படிதாம்மா, நின்னுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர் பாதி இறங்கி, ஏணியின் முதல் கட்டையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்ற காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்பது நிமிடம் நின்றார். கீழே ஏறுவதற்குப் பத்துப் பேர், மேலே இறங்குவதற்குப் பத்துப் பேர், எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள், எல்லோரும் ஆளுக்கொரு மொழியில் தைரியம் சொன்னார்கள். அவர், "நான் ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன், பேரனை இங்க தூக்கிட்டு வந்து ஞானஸ்நானம் பண்ணுங்க, நான் இப்படியே நின்னு பாத்துக்கறேன்" என்றார். கடைசியில், முதலிலேயே இறங்கியிருந்த வாயா கீழிருந்து ஏறி வந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு கட்டையாக வைத்து இறக்கினாள். நான் மேலே நின்று இடது, வலது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வலது அவர்களுக்கு இடது என்பது பிறகுதான் உறைத்தது. அப்போது நீங்கள் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சம்பந்தி, நீங்க கடைசியா எப்ப இதுல எறங்கினீங்க?" என்று கேட்டீர்கள். "கணக்கே இல்லீங்க" என்றேன். அது ஒரு விதத்தில் உண்மை.

மூன்றாம் நாளைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. காலையில் முற்றத்தில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பு மலைப்பக்கம் பறந்துகொண்டிருந்தது. மலை வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. விரிப்பு வடக்கே பறந்தால் காற்று தெற்கிலிருந்து வருகிறது, இதற்குக் கலைக்களஞ்சியம் வேண்டாம். "இன்னிக்கு வடக்குக் கரை, சராகினிகோ, கடல் அலையே இல்லாம எண்ணெய் மாதிரி இருக்கும்" என்று அறிவித்தேன். வாயா போனை நீட்டினாள். "மாமா, வடக்குக் காத்து, வேகம் ஆறுன்னு போட்டிருக்கு. ஜூலையில தெற்குக் காத்து எங்க மாமா அடிக்கும்?" நான், "அந்தப் போன் ஏதென்ஸ்ல வாங்கினது, இந்த விரிப்பு இங்க துவைச்சது" என்றேன். குழந்தையோடு கலிரோயியை வீட்டில் விட்டுவிட்டு நாம் நாலு பேரும் போனோம்.

அந்த வெள்ளைப் பாறை மேல் ஏறியதும் என் தொப்பி பறந்தது, தெற்கே. கடல் பாறைக்கு மேலே எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் கொஞ்ச நேரம் அதைக் கவனித்துவிட்டு, "இது எண்ணெயா சம்பந்தி? கொதிக்கிற எண்ணெயா?" என்றீர்கள். சம்பந்தியம்மா சிரித்தார், வாயா வேறு பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். அந்த இடத்தில் நான் "ஆமாம், நான் தவறிவிட்டேன்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தர்ப்பூசணி அடை தின்றிருக்கலாம். "மேலாக்கதான் ஆட்டம், உள்ள அமைதியா இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையும் கால்சட்டையுமாக அந்த இடுக்குக் கரையில் இறங்கி நடந்தேன். ஒரு அலை வந்தது. அது போனபோது நானும் கூடவே போனேன். எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. நான் கன்னி மரியாளைக் கூப்பிட்டேன், செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டேன், நான் வேலை பார்த்த சுரங்கத்து மேஸ்திரியைக் கூடக் கூப்பிட்டதாக வாயா சொல்கிறாள். பிறகு ஒரு கை என் காலரைப் பிடித்தது. உங்கள் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது: "சம்பந்தி, எந்திரிங்க. இடுப்பளவுதான்."

எழுந்தேன். இடுப்பளவுதான்.

நீங்கள் என்னைப் பாறையில் உட்கார வைத்து, என் சட்டையைப் பிழிந்து, உங்கள் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, பனியனோடு வீடு வந்தீர்கள். அலியாக்மோன் ஆற்றில் நீங்கள் சின்ன வயதிலேயே நீச்சல் பழகியதாக வழியில் சம்பந்தியம்மா சொன்னார். நீங்கள் பேச்சை மாற்றி அதைத் தடுத்தீர்கள்.

இனி வருவதுதான் கடிதம். இதுவரை எழுதியது கடிதத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது மாதிரி. அன்று சாயங்காலம் துறைமுகத்துக் காப்பிக்கடைக்குப் போனேன், உங்கள் சட்டையோடு. கடைக்காரன் லினார்தோஸ், "யாருண்ணே சட்டை? தோள் ரெண்டு பக்கமும் தொங்குதே" என்று கேட்டான். சம்பந்தி சட்டை, நனைந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணியில எறங்க வேண்டியதாப் போச்சு, சம்பந்தி..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்க நிறுத்தினேன். அதற்குள் லினார்தோஸ், "அடப் பாவமே, முழுகிட்டாரா?" என்றான். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஐம்பது வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன், யாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்த்ததில்லை. அதை நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கோப்பை ராக்கிச் சாராயம் வந்தபோது தண்ணீர் கழுத்தளவு ஆகியிருந்தது. இரண்டாவது வந்தபோது இரண்டு ஆள் ஆழம்.

மறுநாள் கப்பலுக்கு முன்னால் நீங்கள் சொல்லிக்கொள்ளக் கடைக்கே வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனிதர் அப்படித்தான் செய்வார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் வாசலில் கால் வைத்ததும் லினார்தோஸ் இரண்டு கையையும் விரித்து, "வாங்க வாங்க, சீசிஸ்ங்கற பேருக்கே 'வாழ்க'ன்னுதான் அர்த்தம், அதான் பொழச்சீங்க!" என்றான். ஒரு கிழட்டு மீன்காரன், "மலைக்காரங்களுக்கு ஆத்துத்தண்ணி வேற, கடல் வேறய்யா, இனிமே முட்டி வரைக்கும்தான் எறங்கணும்" என்று புத்தி சொன்னான். உங்களுக்கு முன்னால் மூன்று கோப்பை வைத்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தேன். நீங்கள் ஒரு கோப்பையை எடுத்து, "சம்பந்திக்கு நல்ல வலுவான கை" என்று சொல்லிக் குடித்துவிட்டுக் கப்பலுக்குப் போனீர்கள்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன், விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். அந்தக் கோப்பையை நீங்கள் குடித்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உள்ளங்கை விஷயம். சம்பந்தி, எனக்கு நீச்சல் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் சுரங்கத்தில் வெள்ளைத் தூசி வெட்டினேன். கடல் என்பது எங்களுக்குக் கப்பல் வந்து சரக்கு ஏற்றுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன். எழுபது கடற்கரையில் நான் கால் நனைத்தது இரண்டு, அதில் ஒன்று உங்களோடு. நிச்சயதார்த்தத்தில் நீங்கள், "குடுத்து வெச்சவங்க, தினமும் கடலு" என்றீர்கள். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கப் போய் இப்போது அதைவிடப் பெரிய வெட்கத்தில் நிற்கிறேன். இடுப்பளவு இல்லை, இது உண்மையிலேயே இரண்டு ஆள் ஆழம். நான் செய்தது தவறு. மன்னியுங்கள். விரிப்பைப் பொறுத்தவரை, மலையைத் தாண்டி விழுகிற காற்று அடிவாரத்தில் சுருண்டு திரும்பும் என்று பிறகு படித்தேன். ஆகவே விரிப்பு சரியாகத்தான் சொன்னது, மலை நடுவில் புகுந்து கெடுத்துவிட்டது.

முடிவு செய்துவிட்டேன். இதைத் தபாலில் போடும் முன் கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, முழுகியது நான், தண்ணீர் இடுப்பளவு, கை சீசிஸுடையது என்று சொல்லப் போகிறேன். ஏழாம் தேதிக் கப்பலில் நீங்கள் தலை நிமிர்ந்து வந்து இறங்கலாம். உங்கள் சட்டையைக் கலிரோயி துவைத்துப் பெட்டி போட்டு வைத்திருக்கிறாள். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு என் வணக்கம். உங்கள் நிலத்தில் பூ நிறையப் பூக்கட்டும், அக்டோபரில்.

உங்கள் முன் தலை குனிந்து நிற்கும் சம்பந்தி,
யாக்கோவோஸ்

பி.கு.: கடைக்குப் போய்வந்தேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், சிலுவை போட்டுச் சத்தியமும் செய்தேன், தண்ணீர் எதுவரை என்று கையை இடுப்பில் வைத்தும் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். "இடுப்பளவு தண்ணியில மிலோஸ்காரன் முழுகுவானாய்யா, அதைக் கோசானிக்காரன் வந்து தூக்குவானாய்யா?" என்றான் மீன்காரன். பிறகு லினார்தோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருங்கப்பா, சம்பந்தி மானத்தைக் காப்பாத்தத் தன் மானத்தை விடுறாரு" என்றான். கடை முழுவதும் எழுந்து நின்றது. நான் கத்தக் கத்த என் பெருமை ஏறிக்கொண்டே போகிறது. பாதிரியாரும் கேள்விப்பட்டுவிட்டார். ஞானஸ்நானத்தன்று பேரன் பெயரைச் சொல்லிவிட்டு இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப் போகிறாராம். ஆகவே நீங்கள் வரும்போது தயவுசெய்து ஒன்றையும் மறுக்க வேண்டாம், மறுத்தால் உங்களை நன்றி கெட்டவர் என்பார்கள், அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரே ஒரு தடவை நன்றி சொல்லிவிடுங்கள், போதும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நான் உங்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.