கயிற்றுக்குப் பயந்த சனி

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் மலாக்கா காஜா பெராங்கில் பாதமணி சாமியார் வந்து இறங்கிவிட்டார். கோணல் நடை, தட்டைப் பாதம், குதிகால் வலி எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தானாம்: சனி பகவான் ஒரு காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறாராம். அவருக்கு வேறு வேலை இல்லை, பாருங்கள்!

ஊரின் மறுகோடி உஜோங் பாசிரிலிருந்துகூடச் சனம் வந்து குவிந்தது. சாமியார் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு காலையும் பிடித்து நீட்டுவார். ஒன்று குட்டையாகத் தெரியும். கூட்டம் "ஐயோ!" என்னும். மந்திரம் சொல்லி ஓர் இழுப்பு. இரண்டும் சமம்! தட்டில் காணிக்கையாகப் பத்து வெள்ளி விழும்.

தபால்காரர் தனபாலனுக்குப் பாதம் உள்பக்கம் சாய்ந்து, நடை கோணியிருந்தது. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பயிற்சி சொல்லித் தந்திருந்தார்: பாதத்தடியில் சோடா புட்டியை உருட்ட வேண்டும், குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க வேண்டும். சாமியாரோ, "பயிற்சி செஞ்சா சனிக்குக் கோபம் வரும்" என்று தடுத்துவிட்டார். மூன்று முறை இழுத்தாயிற்று. வலி மட்டும் இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

நாலாவது முறை மனைவி ஜெயாவும் கூட வந்தாள். தையல்காரி, அளவு தப்பினால் கண்ணில் பட்டுவிடும்.

"சாமி, கொஞ்சம் இருங்க லா. நீங்க கால நீட்டுறப்ப இவரு இடுப்ப ஒரு பக்கமா திருப்புறீங்க. அதான் ஒரு காலு குட்டையா தெரியுது."

"பேசாதே! தெய்வக் குத்தம்!"

ஜெயா அங்கே கிடந்த கயிற்றை எடுத்து, கணவனின் இடுப்பை நாற்காலியோடு இறுக்கிக் கட்டினாள்.

"இப்ப குட்டக் காலக் காட்டுங்க."

சாமியார் நீட்டினார். சமம். பல்லைக் கடித்துத் திருப்பினார். இடுப்பு அசையவில்லை. மறுபடியும் சமம்.

"சனி எங்க சாமி?"

"க... கட்டு போட்டா பகவான் வரமாட்டார்."

"அலாமாக்! நாலு முழக் கயித்துக்குப் பயப்படுற சனிக்கா பத்துப் பத்து வெள்ளி அழுதோம்?"

நேற்றுவரை சாமியாருக்குப் பழம் சுமந்த பூங்காவனம் எழுந்து வந்தாள். "என்னையும் கட்டு, ஜெயா!" கட்டினாள். அவள் காலும் சமம். கூட்டம் கொதித்தது. சாமியார் தட்டைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். ஓட்டத்தில் ஒரு கோணலும் இல்லை.

"எனக்கு ஏன் தோணல?" என்று தனபாலன் தலை குனிந்தார்.

"கால நீட்டிட்டு கண்ண மூடிக்கிட்டீங்க. நாளையிலிருந்து புட்டிய உருட்டுங்க."

உருட்டினார். மாதக் கடைசியில் வலி பாதியாயிற்று, நடை நேராயிற்று, வேலை தங்கிற்று. காலுக்காவது பயிற்சி இருக்கிறது. கண்ணெதிரே இடுப்பைத் திருப்பினாலும் கும்பிடுகிற தலைக்கு? அதற்கும் ஒன்று உண்டு, யோசிப்பது. சனி கோபித்துக்கொள்ள மாட்டார்; செய்து பாருங்கள்!